படித்தால் பீட்ஸா: ‘புக் இட்!’ பிறந்த கதை

வாசிக்கத் தடுமாறும் பிள்ளை வீட்டில் இருந்தால் தெரியும். புத்தகத்தைத் திறந்ததுமே முகம் வாடிவிடும். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து போகும். பென்சில் முனை உடைந்துவிட்டது என்று சொல்லும். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது சிரித்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், புத்தகத்தை மூடிவிடும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்றொரு நகரம். அங்கே இந்தக் கவலையைச் சொந்த வீட்டிலேயே அறிந்த தகப்பனார் ஒருவர் இருந்தார். பெயர் ஆர்தர் கன்தர். அவருடைய மகனுக்குச் சிறுவயதில் கண்ணில் கோளாறு. அதனால் வாசிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஊரில் இப்படி எத்தனையோ தகப்பன்மார் இருந்திருப்பார்கள். ஆனால் இவர் பீட்ஸா ஹட் நிறுவனத்தின் தலைவர். நாடு முழுவதும் சிவப்புக் கூரை போட்ட கடைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

அந்தக் கடை பிறந்ததும் விச்சிட்டாவில்தான். 1958-ல் டான், பிராங்க் கார்னி என்ற அண்ணன் தம்பி இருவர் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கித் தொடங்கியது. 1977-ல் பெப்சிகோ அதை வாங்கிவிட்டது. அந்தக் கதை இங்கே இவ்வளவு போதும்.

படிக்கிற பிள்ளைக்குப் பீட்ஸா பரிசு என்ற யோசனை கன்தர் மனத்தில் உருவான காலத்தில் அமெரிக்கா முழுக்கப் பள்ளிக்கூடங்களைப் பற்றியே பேச்சு. 1983 ஏப்ரலில், கல்வி அமைச்சர் டெரல் பெல் அமைத்த ஆணையம் ‘எ நேஷன் அட் ரிஸ்க்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. நாடு ஆபத்தில் இருக்கிறது என்று தலைப்பிலேயே எச்சரித்த அறிக்கை அது. அன்றாடத் தேவைக்குக்கூட எழுதப் படிக்க முடியாத பெரியவர்கள் சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர், 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் அதே நிலையில், என்று அது கணக்குச் சொன்னது. உலகத்துக்கே வழிகாட்டுவதாக நினைத்திருந்த நாட்டுக்கு இது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அதிபர் ரீகனோ, எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தை எதிர்பார்க்காதீர்கள், கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களுக்குத் தோள் கொடுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 1983-84 கல்வியாண்டைக் கல்விக்கான கூட்டு முயற்சி ஆண்டு என்றே அறிவித்தார். பள்ளிக்கூடத்துக்குக் காசு போடுவது அரசாங்கத்தின் கடமை, அதைக் கம்பெனிகளின் நல்லெண்ணத்தை நம்பி விடக்கூடாது என்பது என் கருத்து. அந்தக் கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனாலும் அந்த அழைப்பிலிருந்து நல்லதொன்று முளைத்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கம்பெனிகள் கல்விக்கு உதவும் வழக்கமான முறை நமக்கு அத்துப்படி. மேடை, சால்வை, ஆளுயர அட்டையில் அச்சடித்த காசோலை, ஒரு புகைப்படம். பணம் போய்ச் சேரும். கட்டடமோ கம்ப்யூட்டரோ வரும். குழந்தைக்கும் கொடுத்தவருக்கும் நடுவே ஒரு தொடர்பும் இருக்காது. கன்தரிடம் பணத்தைத் தவிர வேறொன்றும் இருந்தது. குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த ஒரு தின்பண்டம், அதுவும் ஊருக்கு ஊர் கடையாக.

இங்கேதான் காலம் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். மதிய வேளையில் அவசரமாகச் சாப்பிட வருகிறவர்களுக்காக, 1983-ல் பீட்ஸா ஹட் ‘பர்சனல் பான் பீட்ஸா’ என்றொரு சரக்கை இறக்கியிருந்தது. ஆறு அங்குல அகலம். ஒருவர் சாப்பிடும் அளவு. ஐந்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும் என்பது வாக்குறுதி. அதற்கு முன்னால் பீட்ஸா என்றால் நடுவில் ஒன்றை வைத்துக் குடும்பமே பிய்த்துத் தின்பது. ‘இது எனக்கு மட்டும்’ என்று ஒரு குழந்தை சொல்லிக்கொள்ளும் பீட்ஸா அப்போதுதான் வந்திருந்தது. அது இல்லாமல் இந்தத் திட்டம் கிளம்பியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

1984-ல் முதலில் கான்சாஸில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே, 1985-ல், நாடு முழுவதும் ‘புக் இட்!’ என்ற பெயரில் ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய்விட்டது.

அன்று வேலை நடந்த விதம் எளிது. சேர விரும்பும் ஆசிரியருக்கு வகுப்பறைச் சுவரில் மாட்டும் அட்டவணையும், சான்றிதழ்களும், பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டமான பட்டனும் வந்துவிடும். மாதத்துக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்பதை ஆசிரியர்தான் தீர்மானிப்பார். இத்தனை புத்தகம் என்று வைக்கலாம், இத்தனை பக்கம் என்று வைக்கலாம், இத்தனை நிமிடம் என்றும் வைக்கலாம். இலக்கை எட்டியதும் ஒரு சான்றிதழ். அதைப் பக்கத்திலுள்ள பீட்ஸா ஹட்டுக்கு எடுத்துப் போனால் ஒரு குட்டி பீட்ஸா இலவசம், பட்டனில் ஒட்டிக்கொள்ள ஒரு நட்சத்திரம்.

திட்டத்தின் உயிர்நாடி அந்த இலக்கில் இருக்கிறது. கம்பெனி இன்ன புத்தகம்தான் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு என்றும் சொல்லவில்லை. ஒரே வகுப்பில் தடித்த கதைப் புத்தகத்தை இரண்டே நாளில் முடிக்கிற பெண்ணும் இருப்பாள், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் திணறுகிற பையனும் இருப்பான். அவளுக்கு ஒரு அளவு, இவனுக்கு ஒரு அளவு என்று ஆசிரியர் வைக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் இருவர் கையிலும் ஒரே சான்றிதழ், தட்டில் ஒரே பீட்ஸா. பரிசு என்றாலே முதல் மதிப்பெண் எடுக்கிறவருக்குத்தான் என்று பழகிப்போன பள்ளிக்கூடத்தில், கடைசி பெஞ்சுப் பையன் மேசையிலும் அது வந்து உட்கார்ந்தது. கண் கோளாறோடு போராடிய பிள்ளையின் தகப்பனார் யோசித்த திட்டம் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

கடைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1980-களின் பீட்ஸா ஹட் என்றால் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, மேலே தொங்கும் வண்ணக் கண்ணாடி விளக்கு, சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். ஏழு வயதுக் குழந்தை கல்லாவுக்கு முன்னால் நின்று எக்கி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்த சான்றிதழை நீட்டும். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, படித்ததற்காகப் பாராட்டி இரண்டு வார்த்தை சொல்வார். பிறகு கறுப்பு நிறச் சின்னச் சட்டியிலேயே, ஓரம் மொறுமொறுவென்று, சுடச்சுட பீட்ஸா வரும். காசு கொடுத்தது அப்பா இல்லை, அம்மா இல்லை. தானே சம்பாதித்தது. ஆசிரியரும் பெற்றோரும் அல்லாத ஒருவர், வெளி ஆள் ஒருவர், ‘நீ படித்தாயாமே’ என்று சொல்கிற அந்தக் கணம், குழந்தைக்குப் பாலாடைக்கட்டியைவிடப் பெரிது. அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் நாற்பது, ஐம்பது வயதிலும் அந்தப் பட்டனை நினைவு வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இதில் வியாபாரம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை தனியாகவா கடைக்கு வரும்? அப்பா, அம்மா, தம்பி, தங்கை எல்லோரும் வருவார்கள். குழந்தையின் பீட்ஸா இலவசம், மற்றவர்களுடையது காசு. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கம்பெனியின் பெயர் சுவர் அட்டவணையாகத் தொங்குவதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 2007-ல் குழந்தைப் பருவத்தை வணிகத்திலிருந்து காக்கப் பாடுபடும் ஓர் அமைப்பு, இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. குழந்தைகளுக்கு உடல் எடை கூடுகிற காலத்தில் பீட்ஸாவைப் பரிசாகக் கொடுப்பதா என்பதும் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அதைவிட ஆழமான எதிர்ப்பு வேறு. படிப்பதற்குக் கூலி கொடுத்தால், கூலி நின்றதும் படிப்பும் நின்றுவிடாதா? எழுத்தாளர் ஆல்ஃபி கோன் 1993-ல் எழுதிய ‘பனிஷ்ட் பை ரிவார்ட்ஸ்’ நூலின் வாதம் இந்தப் பக்கம்தான். அவருக்கு முன்பே 1973-ல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர் குழுவினர் ஒரு சோதனை நடத்தியிருந்தார்கள். கலர் பேனாவில் படம் வரைவதென்றால் கொள்ளை ஆசையுள்ள குழந்தைகள். அவர்களில் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதன்படி கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்களை வைத்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதியாகக் குறைந்திருந்தது. விளையாட்டு வேலையாகிவிட்டது.

படிக்கும்போது மனம் கலங்க வைக்கிற சோதனை அது. ஆனால் அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே ஆசைப்பட்டு வரைந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. 1979-ல் வோனி மெக்லாய்ட் என்ற உளவியலாளர் குழந்தைகளின் கதைப் புத்தகங்களை வைத்தே சோதித்தார். பிடித்த புத்தகத்துக்குப் பெரிய பரிசு கொடுத்தால் ஆர்வம் குறைந்தது. பிடிக்காத புத்தகத்துக்குக் கொடுத்தபோது கூடியது. 1999-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ‘புக் இட்!’ திட்டத்தில் படித்து வளர்ந்த கல்லூரி மாணவர்களைக் கேட்டுப் பார்த்து, அவர்களுடைய வாசிப்புப் பழக்கத்தை அது கெடுக்கவில்லை என்றது.

தானாகப் படிக்கிற குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடலாம். அதற்குப் பீட்ஸா தேவையில்லை. புத்தகத்தைக் கண்டாலே எழுந்து ஓடுகிற குழந்தைக்குத்தான் முதல் படி ஏற ஒரு கைப்பிடி வேண்டும். அந்தக் கைப்பிடி பீட்ஸாவாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏறிய பிறகு அங்கே நல்ல புத்தகம் இருக்கிறதா என்பதே என் கவலை, அது கம்பெனியால் ஆகிற காரியம் இல்லை. பள்ளி நூலகமும் ஆசிரியரும் செய்ய வேண்டியது.

திட்டம் இன்றும் நடக்கிறது. ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் பிள்ளைகள் வரை சேர்ந்ததாக நிறுவனம் ஒரு கட்டத்தில் கணக்குச் சொன்னது. 2020-லிருந்து கோடை விடுமுறையில் பெற்றோரே வீட்டிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கிற வழியும் வந்திருக்கிறது. அன்று பட்டன் குத்திக்கொண்டு போனவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளின் வாசிப்பைக் குறித்து வைக்கிறார்கள்.

ஆனால் இந்தத் திட்டத்தை நினைத்தால் எனக்குக் கடை ஞாபகம் வருவதில்லை. மாதக் கடைசியில், பள்ளி விட்ட பிறகு, வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து சான்றிதழ்களில் ஒவ்வொரு பெயராக எழுதுகிற ஓர் ஆசிரியைதான் ஞாபகத்துக்கு வருகிறார். சுவர் அட்டவணையில் அந்தத் திணறும் பையனின் பெயருக்கு நேரே பார்க்கிறார். இருபது பக்கம் இலக்கு, பதினெட்டு முடித்திருக்கிறான். நாளை காலை மணி அடிப்பதற்கு முன்னால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மீதி இரண்டையும் படிக்கச் சொல்லலாம் என்று, அவன் பெயரையும் எழுதித் தனியே எடுத்து வைக்கிறார்.