மடிக்கணினி மின்னேற்றம் ஆகவில்லையா? சாக்கெட் முதல் பேட்டரி வரை வரிசையாகச் சோதிக்கும் முறை

பெங்களூரு: பெங்களூருவின் தென்பகுதியில் ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 1978-ஆம் ஆண்டு 332 ஏக்கர் பரப்பில் நிறுவிய தொழில் நகரமாகும். இன்ஃபோசிஸ், விப்ரோ உள்ளிட்ட நிறுவனங்களின் வளாகங்கள் இயங்கும் இப்பகுதியில் மடிக்கணினியே பெரும்பாலானோரின் பணிக்கருவி. அது மின்னேற்றம் ஆகாவிட்டால் அன்றைய வேலை நின்றுவிடும்.

இத்தகைய நேரத்தில் மதர்போர்டு பழுதாகிவிட்டதாகப் பலர் அஞ்சுகின்றனர். ஆனால், சாக்கெட், அடாப்டர், கேபிள், சார்ஜிங் துளை ஆகியவற்றைக் கடந்த பிறகே மின்சாரம் மதர்போர்டையும் பேட்டரியையும் அடைகிறது. முதல் நான்கையும் பயனரே சோதித்துப் பார்க்க முடியும்.

முதலில் பாதுகாப்பு

டச்பேட் மேலெழும்பியிருத்தல், மூடி சரியாக மூடாமை, மேசையில் கணினி சமமாக அமராமை ஆகியவை பேட்டரி வீங்கியதற்கான அறிகுறிகள். லித்தியம்-அயனி பேட்டரி வீங்கினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. எனவே உடனே மின்னேற்றத்தை நிறுத்தி, கணினியை அணைத்துவிட வேண்டும். பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. மேற்கொண்டு சோதிக்காமல் சேவை மையத்தை நாட வேண்டும்.

சாக்கெட்டும் அடாப்டரும்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து, சுவரிலுள்ள சாக்கெட்டில் அடாப்டரை நேரடியாகப் பொருத்த வேண்டும். அதே சாக்கெட்டில் வேறொரு கருவி இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அடாப்டரிலிருந்து கழற்றக்கூடிய மின்கம்பி தளர்ந்திருப்பதும் வழக்கமான காரணமே.

அடுத்து, அடாப்டரின் மேல் அச்சிடப்பட்டுள்ள அளவுகளை நோக்க வேண்டும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால் அதன் திறன் 65 வாட். அதிகத் திறன் கோரும் கணினியில் குறைந்த திறனுள்ள அடாப்டரைப் பொருத்தினால் மின்னேற்றம் மெதுவாக நடக்கும் அல்லது நடக்காமலே போகும்.

யுஎஸ்பி டைப்-சி கேபிள்கள் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் திறனில் வேறுபடுபவை. சாதாரணக் கேபிள் 60 வாட் வரை மட்டுமே தாங்கும். 100 அல்லது 240 வாட்டுக்குத் தனி வகைக் கேபிள் தேவை. கணினியிலுள்ள எல்லா டைப்-சி துளைகளும் மின்னேற்றத்துக்கு உரியவையல்ல என்பதால், மற்றொரு துளையிலும் பொருத்திப் பார்க்கலாம்.

துளையும் அமைப்புகளும்

கணினியை அணைத்துவிட்டு, சார்ஜிங் துளையில் தூசு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஊசி போன்ற உலோகப் பொருளை உள்ளே செலுத்தக் கூடாது. வட்ட முனை கொண்ட சில சார்ஜர்களில் நடுவிலுள்ள மெல்லிய கம்பியே அடாப்டரின் திறனைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. அது வளைந்தால் கணினி இயங்கும். பேட்டரி மட்டும் ஏறாது.

மின்னேற்றம் 60 அல்லது 80 சதவீதத்தில் நின்றால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பேட்டரியின் ஆயுளைக் காக்கும் அமைப்பு இயக்கத்தில் உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். கணினி அதிகச் சூடாக இருந்தாலும் மின்னேற்றம் தற்காலிகமாக நிறுத்தப்படும்.

இவற்றாலும் பயனில்லையெனில், கணினியை அணைத்து, அடாப்டரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சுமார் 30 விநாடிகள் அழுத்திப் பிடித்த பின் மீண்டும் இணைக்கலாம். சேமிக்காத கோப்புகளை முன்னரே சேமித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியா, மதர்போர்டா?

அடாப்டரை இணைத்தும் விளக்கே எரியாவிட்டால் அடாப்டர், கேபிள், துளை ஆகியவற்றின் மீதே முதல் ஐயம் எழ வேண்டும். கணினி இயங்கி, பேட்டரி மட்டும் ஏறாவிட்டால் பேட்டரியின் நிலையை ஆராய வேண்டும். விண்டோஸ் உருவாக்கும் பேட்டரி அறிக்கையில் தொடக்கக் கொள்ளளவும் தற்போதைய கொள்ளளவும் இடம்பெறும். 50,000 மில்லிவாட்-மணியாக இருந்தது 20,000 ஆகக் குறைந்திருந்தால் 40 சதவீதமே எஞ்சியுள்ளது. பேட்டரியை மாற்றுவதே தீர்வு.

பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

அலுவலகக் கணினியைத் தாமே திறக்காமல் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒப்படைப்பதே முறை. சொந்தக் கணினியாயின் தரவுகளை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், மதர்போர்டு மாற்றிய பின் கணினி மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கைவசம் இல்லாவிட்டால் தரவுகளைத் திறக்க இயலாது.

பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் மாற்று அடாப்டர் வாங்குவோர், வோல்ட், வாட் அளவுகளுடன் பிஐஎஸ் பதிவு எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பையில் வீசக் கூடாது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அதனைத் தனியே பிரித்து, சேகரிப்பு அல்லது மறுசுழற்சி அமைப்பிடம் ஒப்படைப்பது நுகர்வோரின் பொறுப்பாகும்.