வினாகிரியும் உழைப்பும்

பிலிப்பைன்ஸ் நாட்டு வீடுகளில் பன்றி இறைச்சியை வினாகிரி, உள்ளி, மிளகு ஆகியவற்றோடு மெல்ல வேகவைத்துச் சமைக்கின்றனர். 'அடோபோ' என்னும் அதன் பெயர் ஸ்பானியர் இட்டது. சமையலோ அம்மக்களுடையது. 1613இல் வெளிவந்த தகாலோக் மொழி அகராதியில், ஸ்பானியப் பாதிரியாரே அதனைச் 'சுதேசிகளின் அடோபோ' என்று குறித்துள்ளார். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து, அதனால் இறைச்சியைக் கெடாது காக்கும் முறையை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்து அடுக்களைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1619இல் இம்மண்ணைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்களது மொழியின் 'வினாகிரி' என்னும் சொல் நம்மிடம் தங்கிவிட்டது. ஆயினும், புளித்து வினாகிரியாகும் கள்ளை இறக்கித் தந்தவர் மரமேறும் தொழிலாளரே.

பன்றி இறைச்சிக் கறிக்கு வினாகிரி விடும்போது, அதனைத் தந்த கை எந்தச் சாதியினது என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கைக்குரியவரையோ கோயில் வாசலிலும் தேநீர்க் கடை வாசலிலும் தடுத்து நிறுத்தினர். கடைகளில் அவருக்கு வேறு பாத்திரம் வைத்தனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் இக்கொடுமை நீங்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலம் புறப்பட்டது. தொடர்ந்த போராட்டங்களே பல கடைகளையும் ஆலயங்களையும் திறக்கச் செய்தன.

உணவின் வரலாற்றை ஆண்டவர்களின் கொடையாக மட்டும் கூறுவது அரைகுறை வரலாறாகும். அதற்குள் அடங்கிய உழைப்பையும், அவ்வுழைப்பாளருக்கு இழைத்த அநீதியையும் சேர்த்தே நம் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.