முகம் பார்த்து வைத்த பெயர்

ஒரகடம் போகும் ஷிஃப்ட் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் தொண்டிப் பக்கத்துத் தம்பி. வண்டிக் கம்பெனி ஒன்றில் எஞ்சின் பொருத்தும் லைனில் வேலை. ஒருநாள் விடியற்காலையில் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். ஊரில் அவருடைய அண்ணன் எடுத்தது. ஈர வலைக் கண்ணியில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடல்குதிரை. விரல் நீளம்தான் இருக்கும். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். வயிற்றுக்குக் கீழே ஒரு பை, தோல் நெளிவெல்லாம் மறைந்து வழவழப்பாகும்படி உப்பியிருந்தது. ஒரு கட்டைவிரல் அந்த வாலை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கிறது.

"சினையா இருக்குண்ணே. அப்படியே கடல்ல விட்டுட்டான்" என்றார்.

"பொண்ணு எத்தனை முட்டை போடும்?" என்று கேட்டேன்.

"இது ஆம்பளண்ணே. பை இருந்தா ஆம்பளதான்."

சினை, ஆம்பளை. இந்த இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் வந்தது என்னை அகராதிப் பக்கம் அனுப்பியது.

முதலில் குதிரை. குதிப்பதால் குதிரை என்று நாம் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். அது உண்மையான வேர்தானா என்பது தனி வழக்கு. கன்னடத்தில் 'குதுரெ' இருப்பதால் சொல் பழையது என்பது மட்டும் தெளிவு. சங்கத் தமிழில் புரவி, பரி, மா, இவுளி என்று வேறு பெயர்களும் உண்டு. இவற்றில் இவுளி எனக்குப் பிடித்த சொல். பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுயியில் குதிரைக்கு 'ஹுல்லி' என்று பெயர். இரண்டையும் ஒரே வேரில் சேர்த்துவைக்கிறது பரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி.

நமக்குக் குதிரையே கடல்வழி வந்த உயிர்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கடந்து வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதிவைத்தார். இன்று ஒரகடத்தில் குதிரை எச்.பி. என்ற இரண்டு எழுத்துக்குள் ஒடுங்கிவிட்டது. பாடநூல் அதைக் குதிரைத்திறன் என்று எழுதுகிறது. வயலில் அதே அலகு 'அஞ்சு எச்.பி. மோட்டார்'.

குதிரையைக் கொண்டுவந்த கடல், சொல்லை வெளியேயும் கொண்டுபோயிருக்கலாம். மலாய் மொழியில் குதிரைக்கு 'குடா'. கப்பல் அங்கே 'கபால்', கடை 'கெடாய்'. இவை தமிழ்நாட்டிலிருந்து போன சொற்கள். குடாவும் திராவிடச் சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார்கள் ஒரு சாரார். வடமொழி 'கோடக'த்தின் வழி வந்தது என்கிறார்கள் இன்னொரு சாரார். அந்தக் கோடகமே திராவிடத்திடம் வாங்கிய கடன் என்போரும் உண்டு. எப்படியானாலும் இந்தியக் கரையிலிருந்து ஏறிய சொல் என்றே நான் நினைக்கிறேன்.

இனி இந்தச் சொல் திரும்பி வந்த வழி. டச்சு ராணுவ மருத்துவர் பீட்டர் பிளீக்கர் 1852இல் சிங்கப்பூரில் கிடைத்த கடல்குதிரை இனம் ஒன்றை விவரித்து, மலாய்ச் சொல்லையே அறிவியல் பெயரில் வைத்தார்: ஹிப்போகேம்பஸ் குடா. பாக் நீரிணையின் கடற்புல் மேடுகளிலும் வாழும் இனம் அது. தமிழ்க் கரையில் பிடிபடும் மீன் ஒன்று, குதிரையின் தூரத்துச் சொந்தம் போலத் தோன்றும் ஒரு சொல்லைச் சிங்கப்பூர் வழியாகச் சுமந்து நிற்கிறது.

பெயரின் முன்பாதி கிரேக்கம். 'ஹிப்போஸ்' குதிரை, 'காம்போஸ்' கடல் பூதம். இத்தாலிய உடற்கூறு அறிஞர் அரான்சி 1587இல் மூளைக்குள் வளைந்து கிடந்த ஒரு பகுதியைப் பார்த்து, கடல்குதிரை என்பதா பட்டுப்புழு என்பதா என்று தயங்கி எழுதினார். குதிரை நிலைத்தது. நினைவைப் பதியவைக்க உதவும் அந்த உறுப்புக்கு இன்றைக்கும் ஹிப்போகேம்பஸ்தான் பெயர். சீனத்தில் 'ஹாய்மா', கடல்குதிரை. கடல்குதிரையையும் குழல்மீனையும் சேர்த்த குடும்பத்துக்கு 'சிங்னாத்திடே', அதாவது தாடை ஒட்டியவை. எங்கே போனாலும் மனிதர்கள் முகத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். வயிற்றைப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டியது வயிற்றைத்தான். பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் இடுகிறது. கரு கூடுவது அந்தப் பைக்குள். பையின் சுவர் தடித்து, ரத்தக் குழாய்கள் பெருகி, கருவுக்கு உயிர்வாயு கொடுக்கிறது. உள்ளிருக்கும் நீரின் உப்பையும் சரிபார்த்துக்கொள்கிறது. நம்மில் தாய்ப்பாலுக்குத் துணைசெய்யும் புரோலாக்டின் என்ற சுரப்புக்கு இங்கேயும் பங்கு உண்டு. நீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஆணுக்கு வலி எடுக்கிறது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உடலை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, அச்சு அசல் குதிரை முகம். அதன் பிறகு தகப்பன் அவற்றைக் கவனிப்பதில்லை.

குழல்மீன்களிடம் இந்தப் பை உருவான படிகள் தெரியும். சிலவற்றில் பையே இல்லை, முட்டைகள் ஆணின் அடிவயிற்றில் ஒட்டிக்கிடக்கும். சிலவற்றில் இரண்டு தோல் மடிப்புகள் கதவு போல மூடும். வயிறு பிளந்து குஞ்சு ஈனும் மீனை அரிஸ்டாட்டில் குறித்துவைத்திருக்கிறார். ஈனுவது ஆண் என்று அவர் சொல்லவில்லை.

சுமப்பது ஆண் என்பதால் எல்லாம் தலைகீழாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. குழல்மீன் இனங்கள் சிலவற்றில் பெண்கள்தான் பளிச்சென்று நிறம் காட்டி ஆணுக்காகப் போட்டியிடும். ஒரு பெண் பல ஆண்களிடம் முட்டை இடும். ஒரே ஆண் பல பெண்களின் முட்டைகளைச் சுமக்கும் இனங்களும் உண்டு. ஆய்வு செய்யப்பட்ட கடல்குதிரைகள் பலவும் ஒற்றைத் துணையோடு வாழ்பவை. காலையில் இணைகள் சந்தித்து, நிறம் மாறி, ஒரே புல்லைப் பிடித்துச் சுற்றிவரும். அங்கே துணைக்காக அதிகம் மல்லுக்கட்டுவது ஆண்தான், வயிற்றில் சுமக்கப்போவதும் அதுவே.

இதை எந்தச் சொல்லால் சொல்வது? கர்ப்பிணி, சூலி, பிள்ளைத்தாச்சி எல்லாம் பெண்பால். 'ஆண் கர்ப்பம்' என்று எழுதலாம், ஆனால் அதில் 'ஆண்' என்ற அடை சேர்த்தாக வேண்டியிருக்கிறது. தம்பி சொன்ன சினைக்கு அந்தத் தேவை இல்லை. மாடும் சினை, நண்டும் சினை, மீன் வயிற்று முட்டையும் சினை. இலக்கணத்தில் முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை: மரம் முதல், கிளை சினை. ஒருத்தியின் முட்டை இன்னோர் உடம்புக்குப் போய் அதன் உறுப்பு போலவே ரத்தம் வாங்கி வளர்வதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன். கடலோரத்து ஆட்கள் அதைத் தேடி எடுக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார்கள்.

சீன மருந்துக்காகக் கடல்குதிரைகளைக் காயவைத்துக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. 2001இல் கடல்குதிரையும் குழல்மீனும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில் சேர்ந்தன. இழுவைமடி புல்மேட்டைத் துடைத்துப்போகும் இடங்களில் அவை இன்னும் சிக்கத்தான் செய்கின்றன. உப்பிய பையோடு ஒன்று செத்தால் போவது நூற்றுக்கணக்கான உயிர்.

அந்த வீடியோவின் கடைசி நொடிகளை மறுபடி ஓட்டச் சொன்னேன். கடைசிச் சுற்று அவிழ்ந்ததும் வால், வலையை விட்டு அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டது. கையைத் தண்ணீருக்குள் இறக்கி அவர் காத்திருந்தார், அது தானாக விடும்வரை.