வித்தைக்காரர் உடைத்த இரகசியம்

"வயரில்லாமல் அனுப்பும் செய்தியை இடையில் எவரும் பிடிக்க முடியாதா?" மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது, நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1900இல் மார்க்கோனி 7777 என்ற இலக்கமுடைய காப்புரிமையைப் பெற்றார். அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே அலைநீளத்துக்கு இசைவாக்கும் முறை அது. அப்படி இசைவாக்கினால் தன் செய்தியைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாது என்றும் அவர் சொல்லிவந்தார்.

கடலடிக் கேபிள்களை நடத்திய ஈஸ்டர்ன் டெலிகிராப் கம்பனிக்கு இது வயிற்றுப் பிழைப்பு விடயம். நெவில் மாஸ்கலின் என்ற மேடை வித்தைக்காரரை அது பணிக்கு அமர்த்தியது. அவர் கோர்ன்வோல் கரையில் கம்பம் நட்டு, மார்க்கோனியின் செய்திகளைக் கேட்டுக் காட்டினார். அத்தோடு விடவில்லை. 1903 ஜூனில் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் பிளெமிங் செயல்விளக்கம் நடத்தினார். மார்க்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே கருவி தட்டத் தொடங்கியது. வந்தது "எலிகள்" என்ற ஒரே சொல், திரும்பத் திரும்ப! பின்னால் மார்க்கோனியைக் கேலி செய்யும் வரிகள். பிளெமிங் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதினார். மாஸ்கலினோ, நான்தான் செய்தேன், உங்கள் கூற்றைச் சோதித்தேன் என்று பகிரங்கமாகவே பதில் கொடுத்தார்.

அலைநீளம் மட்டும் பூட்டாகாது என்பது தெளிவாயிற்று. அடுத்து வந்தது திசை. 1905இல் ஜேர்மனியரான பிரவுன், மூன்று அன்டனாக்களை முக்கோணமாக நிறுத்தி, ஒன்றின் அலையைச் சற்றுத் தாமதப்படுத்தினார். ஒரு பக்கம் அலை கூடியது, மறுபக்கம் குறைந்தது. கம்பத்தை அசைக்காமலே திசையை மாற்ற முடிந்தது. 1926இல் மார்க்கோனி கம்பனியின் பிராங்ளின் வடிவமைத்த குற்றலைக் கற்றை பிரித்தானியாவையும் கனடாவையும் இணைத்தது. அடுத்த வருடம் அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, இந்தியா. கேபிள் கம்பனிகள் ஆட்டங்கண்டு, 1929இல் மார்க்கோனி தரப்புடனேயே ஒன்றிணைய வேண்டியதாயிற்று.

ஆனால் கற்றைக்குள் நிற்பவர் யாராயினும் கேட்கலாம். ஒருவருக்கு அனுப்புவதென்றால் கற்றையை ஒடுக்கலாம். ஒரே செய்தியைப் பல திசைகளில் இருக்கும் பத்துப் பேருக்கு அனுப்புவதென்றால்? அந்தப் பத்தில் மிக மோசமாகக் கேட்பவருக்கும் விளங்கும் வேகத்தில்தான் அனுப்ப வேண்டும். ஒற்றுக்கேட்பவர் நடுவிலேயே நிற்கலாம்.

இன்றைய ஆய்வாளர்கள் அன்டனாவையே நகர்த்திப் பார்க்கிறார்கள். 3 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 10 சென்ரிமீற்றர். அன்டனா சில சென்ரிமீற்றர் நகர்ந்தாலே அலைகள் கூடும் இடமும் அழியும் இடமும் மாறிவிடும். குழுவினர் எல்லோருக்கும் அலை கூட வேண்டும், ஒற்றன் நிற்கும் இடத்தில் அழிய வேண்டும். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் குரல் கேட்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே நிற்பவனுக்குக் கேட்கக் கூடாது. கணக்கு அதுதான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஒற்றன் எங்கே நிற்கிறான் என்று நமக்குச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. ஆகவே குறியாக்கம் என்ற பூட்டும் கூடவே வேண்டும். "எவராலும் முடியாது" என்று ஒருவர் சொன்னால், சோதித்துப் பார்க்க மாஸ்கலின் போன்ற ஒருவரை விட்டாரா என்று கேளுங்கள்.