கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல்

கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல் என்பது, நோய் அறிகுறி ஏதுமில்லாத பெண்களைக் குறிப்பிட்ட வயதில் பரிசோதித்து, கருப்பையின் வாய்ப்பகுதியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டறிந்து நீக்கும் முறை ஆகும். மனித பாப்பிலோமா தீநுண்மத்தின் சில வகைகள் உடலில் நெடுங்காலம் நிலைத்திருப்பதே இந்நோயின் முதன்மைக் காரணம். பெரும்பாலோரிடம் இத்தொற்று தானாகவே நீங்கிவிடும். நீங்காதவர்களில் உயிரணு மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்த நீண்ட இடைவெளியில் ஒருமுறை சோதித்தாலும் பயனுண்டு. மார்பகப் புற்றுநோய்ச் சோதனை நோயை முன்னதாகக் காட்டுவது; இதுவோ நோய் தோன்றுவதையே தடுக்க வல்லது.

பாப் சோதனை

கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராயும் இம்முறையை, கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவு உருவாக்கினார். 1943இல் வெளியான நூலுக்குப் பின்னரே இது பரவலாயிற்று. பின்லாந்து 1960களில் பெண்களை முறையாக அழைத்துச் சோதிக்கத் தொடங்கி, இந்நோயின் இறப்பு வீதத்தைப் பெருமளவு குறைத்தது. பிரித்தானியாவிலும் அக்காலத்திலேயே சோதனை இருந்தது. எனினும் 1988இல் பதிவேட்டின்படி அழைக்கும் ஏற்பாடு வந்த பின்னரே இறப்பு விரைவாகக் குறைந்தது. சோதனையைவிட அழைப்பும் தொடர்கவனிப்புமே முதன்மையானவை என்பதற்கு இது சான்று.

திண்டுக்கல் ஆய்வு

பாப் சோதனைக்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற வல்லுநரும் தேவை. ஊர்ப்புறங்களுக்கு ஏற்ற மாற்றாக, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்து வெறுங்கண்ணால் பார்க்கும் முறை வந்தது. மாறுபட்ட திசு வெண்மையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இது ஆராயப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியரே சோதித்தனர். தேவைப்பட்டோருக்கு உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுக் குழுவைவிட நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்குச் சோதனை செய்யாமல் விட்டது அறமாகுமா என்ற வினா பின்னர் எழுந்தது. அப்போது நாட்டில் வழக்கமான சோதனையே இல்லை என்பது ஆய்வாளர் தரப்பு விளக்கம். தீங்கு தவிர்க்கும் வழி முன்னரே அறியப்பட்டிருந்ததால் இவ்விளக்கம் முழு நிறைவு தருவதாக இல்லை.

இன்றைய நிலை

வெறுங்கண் சோதனை பார்ப்பவரின் திறனைப் பெரிதும் சார்ந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மகாராட்டிரத்தின் உசுமானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், தீநுண்மச் சோதனை ஒரே முறை செய்யப்பட்ட குழுவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2021 முதல் உலக நலவாழ்வு அமைப்பு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுக்கலாம் என்பதால் கூச்சத்தால் வராதோரையும் அணுக இயலும். 35 வயதிலும் 45 வயதிலுமாக 70 விழுக்காட்டுப் பெண்களை 2030க்குள் சோதிப்பது அவ்வமைப்பின் இலக்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 30 முதல் 49 வயதினரில் ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டோர் 2 விழுக்காட்டிற்கும் குறைவு.