தந்தபுரத்துப் பல்லும் கோவாவின் உரலும்

ஒளித்து வைக்கப்பட்ட புனிதச் சின்னம், அதனைக் கைப்பற்றப் படையெடுக்கும் அரசர், இடையிடையே அற்புதங்கள்: இவ்வமைப்பில் எழுதப்பெற்ற நாவல்களை நெடுந்தூரப் புகைவண்டிப் பயணங்களில் படித்து முடித்தவர் நம்மில் பலர். அத்தகைய கதையொன்று வரலாற்றிலேயே உண்டு. அதன் முற்பகுதியைப் புராணமென ஒதுக்கலாம். பிற்பகுதியை அவ்வாறு ஒதுக்க இயலாது.

புத்தர் பெருமானின் உடல் எரியூட்டப்பட்ட பின் எஞ்சிய இடப்பக்கக் கோரைப்பல் கலிங்கத்துத் தந்தபுரத்தை அடைந்தது என்பது ‘தாதாவம்சம்’ என்னும் பாலி நூலின் கூற்று. தந்தபுரம் இன்றைய பூரியே என்பாரும், ஸ்ரீகாகுளத்தை அடுத்த பகுதி என்பாரும் உளர். பாடலிபுத்திரத்துப் பேரரசன் அப்பல்லை வரவழைத்துத் தீக்குழியில் இடுவித்தான். தாமரையொன்று எழுந்து அதனைத் தாங்கிற்று. பட்டடைக் கல்லில் வைத்து அடிப்பித்தான். பல் உடையாது கல்லினுள் அமிழ்ந்தது. பின்னர்ப் போர் மூண்டபோது, கலிங்க இளவரசி ஹேமமாலை அதனைத் தன் கூந்தலுள் மறைத்து, கணவன் தந்தகுமாரனுடன் தாமிரலிப்தித் துறையில் கப்பலேறி இலங்கை சேர்ந்தாள். வங்காளத்துத் தாம்லுக்கே அத்துறை. இது 4ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறுவர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் தங்கிய சீன யாத்திரிகர் பாஹியான் பல்லுக்கு எடுத்த விழாவைக் கண்டு எழுதியிருக்கிறார்.

நாளடைவில், பல் எவரிடம் உளதோ அவரே இலங்கைக்கு உரிய அரசர் என்னும் கருத்து வேரூன்றியது. இதன் பிறகே கதை அரசியலாகிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலனறுவையில் அப்பல்லின் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் வேளைக்காரப் படையினர். அவர்கள் பொறித்த உறுதிமொழி தமிழ்க் கல்வெட்டாகவே அங்கு நிற்கிறது. அடுத்த நூற்றாண்டின் இறுதியிலோ, பாண்டியன் குலசேகரனின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி பல்லை மதுரைக்குக் கொண்டுசென்றான். மூன்றாம் பராக்கிரமபாகு தானே மதுரைக்கு வந்து, வாளால் அன்றி நயமான பேச்சாலேயே அதனை மீட்டான் என்று சூளவம்சம் கூறும். காத்தவரும் தமிழர், கவர்ந்தவரும் தமிழர்!

1560இல் போர்த்துக்கீசிய ராஜப் பிரதிநிதி கான்ஸ்டன்டினோ யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது, கொள்ளைப் பொருள்களிடையே பொன்னில் பதித்த பல்லொன்று அகப்பட்டது. புத்தரின் பல் இதுவே என்ற பேச்சு கடல் கடந்து பர்மாவின் பெகு நகரை எட்டியது. அந்நாட்டு அரசர் பெருந்தொகையும், மலாக்காக் கோட்டைக்கு உணவுப்பொருளும் தருவதாகத் தூதனுப்பினார். கோவாவின் கருவூலம் வறண்டிருந்த காலம் அது. அதிகாரிகள் பலர் இசைந்தனர். பேராயர் காஸ்பர் இசையவில்லை. அவை கூடிற்று, நெடிய விவாதத்திற்குப் பின் பேராயரின் சொல்லே வென்றது. 1561இல் மக்கள் திரண்டு நோக்க, அவர் தம் கையாலேயே பல்லை உரலிலிட்டு இடித்துத் தூளாக்கி, தணலில் எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைப்பித்தார்.

விலைக்கு மசியாத உறுதியைப் பேராயரிடம் காண்கிறோம். ஆயினும் அந்த அவை வாதிட்டதெல்லாம் வருவாயா, சமயமா என்பது பற்றியே. பிறர் தெய்வமெனப் போற்றுவதை இடிக்கும் உரிமை தமக்கு உண்டா என்பது அங்கு வினாவாகவே எழவில்லை போலும்.

உரலில் முடிய வேண்டிய கதை முடியவில்லை. சில ஆண்டுகளில் கோட்டை அரசவையின் அதிகாரியொருவர், உண்மைப் பல் தம்மிடமே மறைவில் உள்ளதென்று கூறி, ஒரு பல்லைப் பெகுவுக்கு அனுப்பினார். அது மான் கொம்பில் கடைந்தது என எழுதினார், அக்காலத்தில் கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் கூத்தோ. கண்டி அரசரோ, அதுவும் பொய், மெய்யான பல் தம்மிடமே உளது என்று செய்தி விடுத்தார். ஒளித்து வைத்த பொருளுக்கு இஃதொரு வசதி: அழித்துவிட்டோம் என்பவரிடம், அழிந்தது வேறு என்று எப்போதும் சொல்லலாம். சிங்கள மரபு கூறுவது இன்னும் சுவையானது. கோட்டை நகர் தளர்ந்த காலத்தில் பல் சபரகமுவைக்கு இரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்டு, தெல்கமுவை விகாரையில் கேழ்வரகு திரிக்கும் கல்லினுள் மறைத்து வைக்கப்பட்டதாம்! கோவாவில் உரல் செய்த வேலையையும் இங்குத் திரிகை செய்த வேலையையும் ஒருசேர எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. விமலதர்மசூரியன் காலத்தில் அது கண்டிக்கு வந்தது.

இவற்றுள் எது மெய் என்று தீர்ப்பளிக்க வரலாற்றாசிரியனிடம் அளவுகோல் இல்லை. ஆனால் மக்கள் எதனை நம்பினர் என்பதற்குச் சான்றுண்டு. 1815இல் ஆங்கிலேயர் கண்டி அரசரைச் சிறைப்பிடித்தனர், நாடு பணிந்துவிடவில்லை. 1817இல் எழுந்த கிளர்ச்சியின்போது பல் மீண்டும் கோயிலிலிருந்து மறைந்தது. மறு ஆண்டு அது ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. அப்போது அங்கிருந்த மருத்துவர் ஜான் டேவி எழுதியிருப்பதாவது: கிளர்ச்சித் தலைவர்கள் பிடிபட்டதைவிடப் பல் பிடிபட்டதே மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது, இனி இவர்களே நாட்டுக்கு உரியவர் என்று அவர்கள் அன்றுதான் ஒப்பினர்.