எலும்புப்புரை: ஒரு பெயரின் வரலாறு

சென்ற மாதம் குளியலறையில் என் மனைவி லேசாக வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. மருத்துவர் சீட்டில் 'ஆஸ்டியோபோரோசிஸ்' என்று எழுதினார். பிரெஞ்சில் படித்த எனக்கு 'ஒஸ்தெயோபொரோஸ்' என்றே வாயில் வந்தது.

அப்பெயரை வைத்தவர் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரப் பேராசிரியர் ழான் லோப்ஸ்தைன் (1777–1835). சிலரது எலும்புகளில் துளைகள் பெரிதாயிருக்கக் கண்டார். கிரேக்கத்தில் 'ஒஸ்தெயோன்' எலும்பு, 'போரோஸ்' துளை. தமிழில் எலும்புப்புரை, அதே பொருள்தான்.

காரணம் துலங்க நூறாண்டுக்கு மேலாயிற்று. 1940-களின் தொடக்கத்தில் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதை இதனுடன் தொடர்புபடுத்தினார். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் அளவுகோல் வகுத்தது: எலும்பு அடர்த்திச் சோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ்.

என் தாயார் கடைசிக் காலத்தில் கூனிப்போனார். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். முறியும்வரை இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கூழ் குடியுங்கள், வெயிலில் நடங்கள், குளியலறையில் கைப்பிடி வையுங்கள். வீட்டுப் பெண்களைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். நான் பிந்திவிட்டேன்.